கையில் இருப்பதைக் கீழே வை

அவினோவுக்கு முன்பல் இரண்டும் இல்லை. புதிதாக மீன் வாங்க வரும் வியாபாரிகள் அதைப் புருஷன் கைங்கரியம் என்று நினைத்துக்கொள்வார்கள். புருஷன் பாவம், ஏரியில் படகு கவிழ்ந்து செத்துப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன. உயிரோடு இருந்தபோதும் அவளை ஒரு வார்த்தை அதட்டியவன் இல்லை. பல்லை உடைத்தது மகன் ஓவித்தி.

ஓவித்திக்கு அப்போது இருபது வயதிருக்கும். அப்பாவின் வளர்த்தி. நிமிர்ந்து நுழைந்தால் வாசல் நிலை தலையில் இடிக்கும். அவனுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போனதால், இவன் பிறந்த அன்றே குப்பைமேட்டில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரி கண்டெடுத்ததுபோல் எடுத்துவந்து, 'எறியப்பட்டவன்' என்று பொருள்படும் இந்தப் பெயரை வைத்தார்கள். சாவுக்கு இவன்மேல் ஆசை வந்துவிடக்கூடாது என்று செய்வது. சாவு ஏமாந்தது. ஊர் ஏமாறவில்லை, பெயரில் உள்ளபடியே அவனை நடத்தியது.

பல் போன அன்று பக்கத்து வீட்டில் கூரைக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து சுத்தியல். ஓவித்திக்குச் சத்தம் ஆகாது. முதலில் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான். பிறகு சுவரில் தலையை முட்ட ஆரம்பித்திருக்கிறான். அவினோ சுவருக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றாள், அவ்வளவுதான். நான் அவர்கள் வீட்டுக்கு எதிரே மீன் பொரித்து விற்கிறவள். சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் வாயிலிருந்து ரத்தம் கழுத்து வழியே இறங்குகிறது, ஒரு பல் களிச்சட்டியில் கிடக்கிறது, அவன் மூலையில் உட்கார்ந்து தன் கையைத் தானே கடித்துக்கொண்டிருக்கிறான். யாருக்கு முதலில் துணி கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் ஒகுமு வந்துவிட்டான். அவினோவின் கொழுந்தன், படகுக்காரன். அண்ணன் செத்தால் அந்த வீட்டுப் பொறுப்பு தம்பிக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவன் பொறுப்பைப் பெரும்பாலும் கையால்தான் செய்வான். தோளில் கிடந்த நங்கூரக் கயிற்றை இரண்டாக மடித்து ஓவித்தியின் முதுகில் விளாசினான். பையன் எழுந்து ஓடவுமில்லை, தடுக்கவுமில்லை. அடி விழ விழத் தன் கையை இன்னும் அழுத்திக் கடித்தான்.

"விடு தம்பி. சுத்தியல் சத்தம் தாங்காமப் பண்ணிட்டான்" என்றாள் அவினோ. பல் இல்லாததால் வார்த்தைகள் காற்றாக வந்தன.

"சத்தமா? ஊருல யாருக்குத்தான் சத்தம் கேக்கல? நாங்கல்லாம் பெத்தவ பல்லைத் தட்டிட்டா அலையிறோம்?"

"அவனுக்கு ஒடம்பு அப்படி. நர்ஸ் சொல்லிச்சே. ஆட்டிசம்னு."

"அந்தம்மா பேரு வச்சிட்டுப் போயிட்டா. கூட வச்சிக்கிட்டுப் போனாளா? அண்ணி, இன்னைக்குப் பல்லு, நாளைக்குக் கழுத்து. செத்துக் கிடந்தீன்னா எங்கண்ணன் கனவுல வந்து என்னைத்தான் கேப்பான்." கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். "நிலாக்காலம் வரட்டும். மலைமேல ஜெபவீட்டுல கொண்டுபோய் விடுறேன்."

ஜெபவீடு என்றால் எங்களுக்குத் தெரியும். மரத்துக்கு ஒருவராகக் கணுக்காலில் சங்கிலி. பாஸ்டருக்குப் பேய் ஓடியதாகத் தோன்றும்வரை பட்டினி. என் சித்தப்பா மகன் ஒருத்தன் அங்கே போனான். திரும்பி வந்தது அவன் துணிமூட்டைதான்.

நிலாக்காலத்தில் எங்கள் கரையில் தொழில் கிடையாது. ஓமேனா என்கிற விரல்நீள மீன் இருட்டில்தான் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். நிலா பெருத்துவிட்டால் மீன் எங்களை மதிக்காது. படகுகள் கரையேறும், ஆண்கள் வலை தைப்பார்கள், குடிப்பார்கள், கல்யாணம் பேசுவார்கள், தள்ளிப்போட்ட காரியங்களை முடிப்பார்கள். ஒகுமு தன் காரியங்களில் ஒன்றாக ஓவித்தியைச் சேர்த்துவிட்டான். அன்றிலிருந்து அவினோ சாயங்காலமானால் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மீன் எடைபோடும் இடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஆட்டிசம் என்று பெயர் சொன்ன அந்த நர்ஸ், இன்னொரு காரியமும் செய்துவிட்டுப் போயிருந்தாள். கரையில் இப்படிப் பிள்ளைகள் உள்ள தாய்களைத் தேடித்தேடி ஒன்றாக உட்காரவைத்து, "ஒவ்வொருத்தியும் தனியா மாயாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அபோந்தி அம்மா என்று ஒருத்தி. பன்னிரண்டு வயதாகியும் உட்காரத் தெரியாத, கழுத்து நிற்காத மகள் அபோந்தியை முதுகில் கட்டிக்கொண்டே மீன் சுமப்பவள். அவள்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, குரல் தேர்ந்தெடுத்தது. நாளுக்கு ஒருத்தி அந்தக் கொட்டகையில் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள், மற்றவர்கள் ஓமேனா காயப்போடப் போவார்கள். அதற்கு முன்பெல்லாம் இந்தப் பிள்ளைகள் பகல் முழுவதும் பூட்டிய வீட்டுக்குள்தான் கிடந்தார்கள்.

கரையில் அதற்குப் பைத்தியக்கடை என்று பெயர். "இன்னைக்குக் கடையில என்ன சரக்கு வந்திருக்கு?" என்று எவனாவது கேட்பான். "உங்கம்மா உன்னை விட்டுட்டுப் போனா, நாளையிலயிருந்து விப்போம்" என்பாள் அபோந்தி அம்மா. கேட்டவன் மறுநாள் வேறு வழியாகப் போவான்.

ஓவித்திக்குப் பாரம் வேண்டும் என்று கண்டுபிடித்தது அந்தக் கொட்டகைதான். ஒருநாள் அவன் தலையை முட்டிக்கொண்டு அலறியபோது, பயந்துபோன ஓபுயாவின் அம்மா, கையில் இருந்த ஈரவலைக் குவியலை அவன்மேல் போட்டுவிட்டாள். ஓபுயா என்பது அவளுடைய காது கேளாத மகன். வலை விழுந்ததும் ஓவித்தி அடங்கிவிட்டான். அதற்கடியிலேயே தூங்கிப்போனான். பிறகு அவனுக்குப் பாரம் சுமக்கும் வேலை கொடுத்தார்கள். காலையில் படகு வந்ததும் மார்பளவு தண்ணீரில் இறங்கி, மீன் நிறைந்த பேசின்களைத் தலையில் வாங்கி வருவான். சுமந்த நாட்களில் அவன் யாரையும் முட்டியதில்லை.

பேச்சு குறைவு. நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வான். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டியா" என்பான். கையில் எப்போதும் ஒரு கயிறு இருக்கும். கறுப்புக் கைப்பிடி போட்டது, படகு எஞ்சினை இழுத்துக் கிளப்புகிற கயிறு. அப்பாவின் எஞ்சினை ஏரியிலிருந்து தூக்கியபோது மிஞ்சியது. அவன் அழுத ஒருநாள் அவினோ அதை எடுத்துக் கையில் கொடுத்தாள். அதைக் கண்ணுக்கு எதிரே சுழற்றிக்கொண்டே இருப்பான்.

நிலாக்காலம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம். மணலில் விரித்த பழைய வலைகள்மேல் ஓமேனா முக்கால்வாசி காய்ந்திருந்தது. ஏரிக்காற்று நின்றது. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. வானம் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு கறுத்தது. மழை பட்ட ஓமேனா கோழித் தீவனத்துக்குத்தான் ஆகும், அதனால் கரையில் இருந்த பெண்கள் எல்லோரும் குனிந்து அள்ள ஆரம்பித்தோம். என் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு நானும் அள்ளினேன்.

இடி விழுந்தது. கொட்டகைத் தகரத்தில் மழை கொட்டிய சத்தம் எனக்கே பல்லைக் கூசவைத்தது. ஓபுயாவின் அம்மாதான் அன்று காவல். அவள் ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"பிச்சிக்கிட்டு ஓடிட்டான் அவினோ. தடுத்தேன், தள்ளிட்டான். கை பெசகிப்போச்சு."

"எந்தப் பக்கம்?"

"மழையில எந்தப் பக்கம்னு கண்டேன்?"

ஏரிப்பக்கம் போயிருந்தால் அலை கொண்டுபோய்விடும். அப்பாவைக் கொண்டுபோன அதே அலை. அவினோ அள்ளிய மீனைக் கீழே போட்டாள். தலையில் கைவைத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கூவினாள்.

இதற்கு எங்களிடம் ந்தூரு என்று பெயர். சாவென்றாலும் தீயென்றாலும் திருட்டென்றாலும் இந்தக் கூவல்தான். கேட்டவர்கள் கையில் என்ன இருக்கிறதோ அதோடு ஓடிவர வேண்டும். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. வராதவன் வீட்டுக்கு நாளைக்கு யாரும் போகமாட்டார்கள். கேட்டவர்கள் தாங்களும் கூவி அடுத்தவர்களுக்குத் தள்ளிவிட வேண்டும். அப்படித்தான் எங்கள் கரையில் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். மகனைக் காணாத தாய் வேறென்ன செய்வாள்? நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

கூவல் மழையில் வடக்கே போனது. வலை தைக்கிறவர்கள் வாங்கிக் கூவினார்கள், இரண்டு கரைக்கும் நடுவில் நிற்கிற பாறைக்கு அந்தப் பக்கம் மாவு மில்லில் இருந்தவர்கள் வாங்கிக் கூவினார்கள். வடக்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் ஓவித்தியும் இல்லை, அவன் அம்மாவும் இல்லை. ஓடு, பிடி என்பது மட்டும்தான் இருந்தது. அந்தக் கரையில் அதே வாரம் இரண்டு படகு எஞ்சின்கள் திருட்டுப் போயிருந்தன. ஆண்கள் தூங்காமல் காவல் இருந்து கண் சிவந்துபோயிருந்தார்கள். கூவல் கேட்டு வெளியே வந்து பார்த்தால், மழைக்குள் வாட்டசாட்டமான ஒருத்தன் ஓடிவருகிறான். கையில் எஞ்சின் இழுக்கிற கயிறு.

வடக்கே கூவல் பெருகியதைக் கேட்டு நாங்களும் அந்தப் பக்கம் ஓடினோம். பாறையைத் தாண்டும்போதே சத்தம் கேட்டது. அடிக்கும் சத்தத்தை மழையால் மறைக்க முடியாது. என் கையில் எண்ணெய்க் கரண்டி இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எப்போது எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது, கை பழக்கம்.

முப்பது நாற்பது பேர் வட்டம் கட்டியிருந்தார்கள். துடுப்பு, மீன் அறுக்கும் கத்தியின் மறுபக்கம், கல், மோட்டார் சைக்கிள் சங்கிலி. நடுவில் ஓவித்தி சேற்றில் கிடந்தான். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் திரும்பியிருந்தது. ஒரு கண் இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது. கயிற்றை மட்டும் விடவில்லை.

"எஞ்சின் எங்கடா?" என்று ஒருத்தன் விலாவில் மிதித்தான்.

"எஞ்சின் எங்கடா" என்றான் ஓவித்தி.

"பாத்தியா, நக்கலு பண்றான். யாருடா உன் கூட்டாளி?"

"யாருடா உன் கூட்டாளி."

கல் ஒன்று வாயில் விழுந்தது. அடிக்கிற கூட்டத்துக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு ஒருத்தன் கத்திக்கொண்டிருந்தான். ஒகுமு. வலை வாங்க வடக்குக் கரைக்கு வந்தவன். கூவல் கேட்டு, கையில் இருந்த துடுப்போடு எல்லோருக்கும் முன்னால் ஓடியவன். மழையில் முதுகைத்தான் பார்த்திருக்கிறான். முதல் அடி அவனுடையது, காலை உடைத்த அடி. கேள்வியைத் திருப்பிச் சொல்கிற அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் யாரை அடித்தோம் என்று தெரிந்திருக்கிறது.

"என் அண்ணன் மவன்டா. நிறுத்துங்கடா. பேச வராதுடா அவனுக்கு."

"இவ்வளவு நேரம் உன் அண்ணன் மவன் இல்லையா? அடிச்சப்ப யாரு மவன்?"

"எஞ்சினை வித்த காசுல உனக்கும் பங்கா?"

யாரோ துடுப்பால் அவன் தோளில் போட்டார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒகுமு ஒரு கையைத் தொங்கவிட்டுக்கொண்டு இன்னொரு கையை விரித்தபடியே நின்றான். பின்னாலிருந்து "டயரைக் கொண்டாங்கடா" என்று ஒரு குரல் வந்தது. திருடன் அகப்பட்டால் கழுத்தில் டயரை மாட்டிக் கொளுத்துவது எங்கள் பக்கத்தில் உண்டு. பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள்காரன் வருவதை நான் பார்த்தேன். மழையில் பற்றாது என்று ஒருத்தன் சொன்னான். பெட்ரோலுக்கு மழை தெரியாது என்று இன்னொருத்தன் சொன்னான். அடுப்புக்கு ஈரவிறகு ஆகுமா ஆகாதா என்று பேசுவதுபோல் பேசினார்கள்.

அவினோ கால்களுக்கு நடுவே தவழ்ந்து உள்ளே போய் மகன்மேல் விழுந்தாள். அவனுக்கு யார் என்று தெரியவில்லை. தலையைத் தூக்கி அவள் முகத்தில் மோதினான், திமிறினான், அவளைத் தள்ளிவிட்டுப் பாதி எழுந்தான். அவன் எழுந்ததைப் பார்த்ததும் கூட்டம் மறுபடி மேலே விழுந்தது. அடி அவள் முதுகிலும் விழுந்தது.

அப்போது அபோந்தி அம்மா வந்தாள். மகள் முதுகில் இருக்க, மழையில் பாறைமேல் ஏறி இறங்கி ஓடிவந்திருக்கிறாள். நேராக வட்டத்துக்குள் நுழைந்தாள். முதுகுத் துணியை அவிழ்த்து, அபோந்தியை இறக்கி, ஓவித்தியின் நெஞ்சின்மேல் குறுக்காகக் கிடத்தினாள். பன்னிரண்டு வயது உடம்பு. தலை ஒரு பக்கம் சரிந்து, மழை வாய்க்குள் விழ, அந்தப் பெண் எங்களை அண்ணாந்து பார்த்தது.

"இவளையும் அடிங்க" என்றாள் அபோந்தி அம்மா. "இவளுக்கும் பேச வராது. இவகிட்டயும் எஞ்சின் எங்கன்னு கேளுங்க."

யாரும் அசையவில்லை. பெட்ரோல் கேன்காரன் கேனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"என்ன பாக்குற? டயரு பெருசு பாத்துக் கொண்டாந்திருக்கலாம்ல, ரெண்டு பேருக்கும் சேத்து?"

அதற்குள் ஓபுயாவின் அம்மா மகனை இழுத்துக்கொண்டு வந்து ஓவித்தியின் காலடியில் உட்காரவைத்தாள். அவன் சத்தம் எதுவும் கேட்காமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மற்றத் தாய்களும் வந்தார்கள். பாரம் நெஞ்சில் இறங்கியதும் ஓவித்தி திமிறுவதை விட்டுவிட்டான். அபோந்தியின் முடிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். திருடன் அப்படிக் கிடக்கமாட்டான் என்பது அந்த ஆண்களுக்கும் தெரிந்தது. ஒருவன் பின்னால் நகர்ந்தான். பிறகு எல்லோருக்கும் வீட்டில் வேலை இருந்தது. சேற்றில் துடுப்புகளும் கற்களும்தான் மிச்சம். யாருடைய துடுப்பு என்று கேட்டு வாங்கிக்கொள்ள அன்று ஒருத்தனும் வரவில்லை.

கிசுமு நகரத்துக்குப் போகிற மீன் லாரியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது. கண் போனது. காலில் கம்பி வைத்தார்கள். வீட்டுக்குத் திரும்பியபோது நிலாக்காலம் வந்திருந்தது.

ஒகுமு கழுத்தில் தொட்டில்கட்டிய கையோடு வந்து வாசலில் உட்கார்ந்தான். நான் பொரித்த மீன் கொண்டுபோயிருந்தேன், யாரும் தொடவில்லை.

"நான்தான் முதல்ல அடிச்சேன் அண்ணி."

"தெரியும். கூவுனது நானு. உன் துடுப்புக்கு வழி காட்டுனதே என் வாய்தான். அந்தக் கயித்தைக் கொடுத்ததும் நானேதான்."

ஒகுமு தொட்டில்கட்டைச் சரிசெய்துகொண்டான். பிறகு அவன் சொன்னான்: "கோவிச்சுக்காத. சங்கிலியில இருந்திருந்தா இந்தக் கண்ணு இருந்திருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டி இருந்திருந்தால் போட்டிருப்பேன். ஆனால் அவினோ, "ஆமா" என்றாள். "ஆமா தம்பி. எந்த மரம்னு மட்டும் பாத்துட்டு வா. நெழல் இருக்கிற மரமாக் கேளு."

மறுநாள் நான் எட்டிப் பார்த்தபோது ஓவித்தியின் நல்ல கால் வீட்டுத் தூணோடு வலைக்கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. "பழகட்டும்" என்றாள் அவள். கட்டிய கணுக்காலில் துணி சுற்றியிருந்தாள், தோல் உரியக்கூடாது என்று. நான் நேராக அபோந்தி அம்மாவிடம் போனேன்.

அவள் எல்லாத் தாய்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒகுமுவும் அங்கே இருந்தான், மலைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தான். அபோந்தி அம்மா தூணைப் பார்த்தாள், முடிச்சைப் பார்த்தாள், மகளை முதுகிலிருந்து இறக்கி அவினோவின் மடியில் போட்டாள்.

"யாருடி கட்டுனது?"

"நான்தான். வெளிய விட்டா கொல்றாங்க. உள்ள இருந்தா உசிராவது இருக்கும். நீயும் நானும் எத்தனை நாளு நடுவுல போயி விழுறது?"

"சங்கிலி போடணும்னா துடுப்பு புடிச்ச கைக்கெல்லாம் போடு. அடிச்சவன் காத்தாட வலை தைக்கிறான், அடி வாங்குனவனுக்குக் கட்டா?"

"நாப்பது பேருக்கு நான் எங்க போயி சங்கிலி வாங்குவேன்?"

ஓபுயாவின் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அவங்களும் கூவல் கேட்டுத்தான வந்தாங்க. காப்பாத்தத்தான் வந்தேன்னு ஒவ்வொருத்தனும் சொல்லுவான். கையில இருக்கிறதோட வான்னுதான கூவலுக்கு அர்த்தம்."

"அப்ப நம்ம புள்ளைங்களுக்குக் கூவலே வேண்டாம்" என்றாள் அபோந்தி அம்மா. சுற்றிப் பார்த்தாள். அடுப்படியில் கவிழ்த்திருந்த அலுமினியச் சட்டியை எடுத்துக் கரண்டியால் தட்டினாள். ஓவித்தி காதைப் பொத்தினான். சத்தம் கேட்டு ஊர் கூடிவிடாமல் கதவை ஓபுயாவின் அம்மா சாத்தினாள். "இதுதான் இனிமே. சட்டி கேட்டா நம்ம புள்ள ஒண்ணு காணலைன்னு அர்த்தம். கையில இருக்கிறதைக் கீழ வச்சிட்டு, வெறுங்கையோட வரணும். பாத்தா கிட்டப் போகக்கூடாது. தள்ளி நிக்கணும். ஆத்தா வர்றவரைக்கும் நிக்கணும்."

"ஆம்பளைங்க கேப்பாங்களா?" என்றான் ஒகுமு. "பொம்பளைங்க சட்டி தட்டுனா சோறு ரெடின்னு நெனப்பாங்க."

"கேக்கவைக்கிறது உன் வேலை. படகு படகாப் போயிச் சொல்லு. இந்தக் கரை, அந்தக் கரை, ரெண்டும். மோட்டார் சைக்கிள் நிக்கிற எடத்துலயும் சொல்லு. முதல் அடி யாருதுன்னும் சேத்துச் சொல்லு, அப்பத்தான் காது குடுப்பாங்க."

ஒகுமு தொங்கும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓவித்தி அவனைப் பார்த்து, "முதல் அடி யாருது" என்றான். கேட்டதைத்தான் திருப்பிச் சொன்னான், வேறொன்றும் இல்லை. ஒகுமு எழுந்து போய்த் தூணடியில் குந்தி, ஒற்றைக் கையாலும் பல்லாலும் அந்த முடிச்சை அவிழ்த்தான். படகுக்காரன் முடிச்சு இல்லை, அவினோ போட்டது, இறுகிப்போயிருந்தது. வெகுநேரம் ஆயிற்று.

நிலாக்காலம் முழுவதும் அவன் சொல்லிக்கொண்டு அலைந்தான். சிலர் சிரித்தார்கள். ஒரு குடிகாரன் அவன்மேல் மதுவை ஊற்றி, "அண்ணன் மவன் காலை ஒடச்சவன் எங்களுக்கு அறிவு சொல்ல வந்துட்டான்" என்றான். "ஆமா, ஒடச்சேன். அதான் சொல்றேன்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒகுமு அடுத்த படகுக்குப் போனான். அவனை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்த நாட்களில் அவன் கடைக்கு வந்தால் பெரிய மீனாகப் பார்த்து வைத்தேன்.

அவினோவின் குரல் போய்விட்டது. பேசுவாள், கூவத்தான் முடியவில்லை. பக்கத்துத் தெருவில் சாவு விழுந்தது. பெண்கள் எல்லோரும் வாசலிலிருந்தே கூவிக்கொண்டு போனபோது அவளும் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு கடைசி வரிசையில் நடந்தாள். செத்தவர் வீட்டில் அதைக் குறையாகப் பேசினார்கள்.

மழைக்காலம் போய்க் காற்றுக்காலம் வந்தது. ஓவித்தி காலை இழுத்து இழுத்து நடந்தான், பேசின் சுமந்தான். ஒருநாள் மதியம் கரையில் எவனோ பழுதுபார்த்த எஞ்சினை மணலில் வைத்தே கிளப்பிப் பார்த்தான். அந்த உறுமல் அடங்கியபோது ஓவித்தியைக் காணவில்லை.

அவினோவின் கை தானாக வாய்க்குப் போனது. என் அடுப்புக்கு ஓடிவந்தாள். நான் கிண்டிக்கொண்டிருந்த களியை அப்படியே மணலில் கொட்டிவிட்டு, சட்டியையும் கரண்டியையும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறித் தட்டினாள். கொட்டகையில் ஒரு சட்டி பதில் சொன்னது. பிறகு வலை தைக்கிற இடத்தில் ஒன்று. பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்று கேட்டது. துடுப்புகள் மணலில் விழுவதைப் பார்த்தேன். மீன் அறுக்கிறவர்கள் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார்கள்.

வடக்குக் கரையில், அன்றைக்கு விழுந்து கிடந்த அதே இடத்துக்குப் பக்கத்தில், கரையேற்றிய படகு ஒன்றுக்குள் அவன் ஒடுங்கிக் கிடந்தான். ஆண்கள் தூரத்தில் வட்டமாக நின்றிருந்தார்கள். அதே ஆட்கள்தான், வேறு ஆட்களுக்கு நாங்கள் எங்கே போவது? மோட்டார் சைக்கிள்காரன் ஒருத்தன் ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தான்.

"கையில இருக்கிறதைக் கீழ வைடா" என்றான் ஒகுமு.

"ஹெல்மெட்டுதானண்ணே."

"கீழ வை."

அவன் வைத்தான். அவினோ தனியாகப் படகுக்குள் ஏறினாள். ஓவித்தி ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் நின்ற வட்டத்தைப் பார்த்தான். அவள் கையை நீட்டியதும் பாய்ந்து முன்கையைக் கவ்வினான். பல் உள்ளே இறங்கியது எங்களுக்கே தெரிந்தது. ரத்தம் படகின் பலகையில் சொட்டியது. வட்டத்தில் இரண்டு மூன்று பேர் ஓரடி எடுத்து வைத்தார்கள். அவள் மற்றக் கையைப் பின்னால் நீட்டி, நில்லுங்கள் என்று காட்டினாள். நின்றார்கள்.

கடிபட்ட கையை அவள் இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே அவன்மேல் சாய்ந்து, தன் முழு பாரத்தையும் இறக்கிப் படுத்தாள். அவள் கழுத்து நரம்புகள் புடைத்தன, வாய் இறுக மூடியிருந்தது. அவள் கத்தியிருந்தால் அந்த வட்டம் என்ன செய்திருக்குமோ, எனக்குத் தெரியாது. அவள் கத்தவில்லை. அவன் பல் தளரும்வரை நாங்கள் எல்லோரும் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தோம்.